வெந்நீரில் தெளிந்த ரத்தம்

ஜெனி,

நீயும் அப்பாவும் காலையிலேயே சிதம்பரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள், கல்யாணப் புடவைக்குத் தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கிவர. வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். வாயால் சொல்லத்தான் பார்த்தேன். போன வாரத்தில் மூன்று தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் நீ நடுவில் ஏதாவது கேட்டாய், நான் பதில் சொன்னேன், பேச்சு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. எழுதினால்தான் முழுசாகச் சொல்வேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. உனக்கு மாமியாராக வரப்போகிறவருக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரியும், அது உனக்குத் தெரியாது. அப்படி இருக்கக் கூடாது.

நம் வீட்டில் ஒரு கதை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் உடம்பில் ரத்தம் உடைந்துபோய், சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எந்தப் பை ரத்தமும் உனக்குச் சேராமல் போனபோது, அம்மா தன் கைப்பையிலிருந்து ரத்தம் தடவிய ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்துக் கொடுத்தாள், அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா நோயைக் கண்டுபிடித்தார் என்ற கதை. அப்பா அதைச் சொல்லாத இடம் கிடையாது. பஸ் டெப்போவில் சொல்லுவார், சர்ச் வாசலில் சொல்லுவார், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த ஸ்லைடு என் பைக்குள் எப்படி வந்தது, எத்தனை நாள் அங்கே கிடந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சுனாமி வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்த டிசம்பர் அது. ஊர் முழுக்க சிக்குன் குனியா. திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலை பார்க்கிற லேபில் காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசை நிற்கும். மடக்க முடியாத முட்டியோடு ஜனங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நீ அப்போது சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம். அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே தினமும் போய் வருவாய். உனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. கழுத்தில் ரெண்டு பக்கமும் நெறி கட்டி, எச்சில் முழுங்கவே கஷ்டப்பட்டாய். நான் உன்னை டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. இருபது வருஷமாக ரத்தம் பார்க்கிறேன், தொண்டைப் புண்ணுக்கு எனக்குத் தெரியாததா என்ற திமிர். மருந்துக்கடையில் நானே அமாக்சிசிலின் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் உடம்பு முழுக்கச் சிவப்பாகத் தடித்துவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினேன். அந்தத் தடிப்பே ஒரு அடையாளம், குறிப்பிட்ட ஒரு வைரஸ் உடம்பில் இருக்கும்போது அந்த மாத்திரையைக் கொடுத்தால் அப்படி வரும் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தப்புகளில் அது சின்னது, அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

காய்ச்சல் விட்டது, ஆனால் நீ தேறவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண் லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். ஒருநாள் காலை நீ குளித்துவிட்டு வந்து கையை நீட்டினாய்.

“அம்மா, பச்சத் தண்ணியில குளிச்சா விரல் நுனியெல்லாம் ஊதா ஆயிடுது. அடுப்புகிட்ட நின்னா சரியாயிடுது. ஒண்ணுக்கு கூட காலையில காப்பி டிகாக்ஷன் மாதிரி போவுது.”

அன்றைக்குப் புதன்கிழமை. அப்போதே உன்னை லேபுக்குக் கூட்டிப் போய் நானே ரத்தம் எடுத்தேன். நீ அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போய்விட்டாய். ட்யூபை ரேக்கில் வைத்துவிட்டு வரிசையைக் கவனித்தேன். லேபில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மெஷினில் போட்டேன். ஹீமோகுளோபின் எட்டு என்று காட்டியது. சிவப்பணு எண்ணிக்கையோ பத்து லட்சம் கூட வரவில்லை. ரெண்டும் ஒன்றோடொன்று ஒத்தே வராது, அந்த எண்ணிக்கைக்கு ஹீமோகுளோபின் மூன்றுகூட இருக்க முடியாது. ட்யூபைச் சாய்த்துப் பார்த்தேன், கண்ணாடியில் மணல் மாதிரி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. உறைந்துபோன ரத்தம், நான் சரியாகக் குலுக்கவில்லை என்று முடிவு செய்து ட்யூபைத் தூக்கிப் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடு போட்டிருந்தேன். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

வெள்ளை அணுக்கள் பெரிசு பெரிசாக, கோணல்மாணலாக, ஓரமெல்லாம் கருநீலமாக இருந்தன. அந்த மாதிரி செல்லை அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் ஸ்லைடில் பார்த்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். அது பிழைக்கவில்லை. நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தேன். மறுபடியும் அதேதான். வெளியே ஒரு அம்மா, “என் ரிப்போர்ட் ஆச்சாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் லேபில் சந்தேகமான ஸ்லைடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், சாயங்காலம் வருகிற டாக்டரிடம் காட்ட வேண்டும். எத்தனையோ பேர் பிள்ளைகளின் ஸ்லைடை அன்றைக்கே காட்டியிருக்கிறேன். உன்னுடையதை நான் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ரிஜிஸ்டரில் உன் பேரை எழுதவே இல்லை. சாயங்காலம் நீ வந்து கேட்டாய். “ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, இரும்புச் சத்து மாத்திரை வாங்கியாந்திருக்கேன்” என்றேன். நீ சரி என்று சொல்லிவிட்டு டீ.வி. பார்க்கப் போனாய். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் அவருக்கு ரசம் ஊற்றினேன். அவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை உனக்குக் காலேஜில் த்ரோபால் மேட்ச். உனக்கு ஞாபகம் இருக்கும், உங்கள் டீம் ஜெயித்தது. நீ வாசலில் உட்கார்ந்து ஷூ போட்டாய். குனிந்து நிமிர்வதற்குள் இளைத்தாய். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போக வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் “பாத்து ஆடு” என்று மட்டும் சொன்னேன். அந்த வைரஸ் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, இடுப்புக்கு மேலே இடது பக்கம் பூசணிப் பிஞ்சு மாதிரி நின்றுகொண்டிருக்கும், ஒரு பந்து பட்டாலோ யாராவது முட்டினாலோ கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிவிடும், அந்த இடத்திலேயே போய்விடலாம் என்பது எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது. வியாழக்கிழமை நீ மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், அப்பா சொல்லித்தான் எனக்கும் தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலை. நீ பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாய். ஷட்டர் இறங்கவில்லை, ஈரக் காற்று நேராக உன் மேல் அடிக்கிறது. புதுச்சத்திரம் தாண்டி உன் தலை முன் சீட்டுக் கம்பியில் போய் இடித்திருக்கிறது. உன் பக்கத்தில் பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருந்தார். உன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர்தான் குரல் கொடுத்தாராம்.

“கண்டக்டர், இந்தப் பொண்ணு கை ஐஸ் கட்டி மாதிரி கெடக்குது. உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

கண்டக்டர் ஓடிப் போய் அப்பாவின் தோளைத் தொட்டிருக்கிறார். “அண்ணே, நம்ம ஜெனி மயங்கிடுச்சு.”

அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து உன்னைப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னார்: “இது என் பொண்ணு. வண்டி இனிமே எங்கயும் நிக்காது, நேரா சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத்தான் போவும். முட்லூர்ல எறங்குறவங்க மன்னிச்சிக்கணும்.” ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லையாம். “நீ வுடு டிரைவர், நாங்க திரும்பி வந்துக்கறோம்” என்று பின் சீட்டிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தன் மேலிருந்த சால்வையை எடுத்து உன்னைச் சுற்றி, உன் ரெண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்த நேரத்தில் உனக்குச் செய்ய வேண்டிய சரியான வைத்தியம் அதுதான். நோய் என்னவென்றே தெரியாத அவர் செய்தார். அறுபது பேர் இருந்த பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குள் போய் நின்றது. டெப்போவில் அப்பாவிடம் விளக்கம் கேட்டார்கள். “என் பொண்ணு மயங்கிட்டா, அதான்” என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

எனக்கு லேபுக்குப் போன் வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கைப்பை மடியில் இருந்தது. சிதம்பரம் வரும் வரைக்கும் நான் அழவில்லை, ஜெபம் பண்ணவும் முடியவில்லை. என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்ப வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். வார்டுக்குள் போனால் அப்பா காக்கிச் சட்டையோடு கட்டில் பக்கத்தில் நிற்கிறார். உனக்கு ஹீமோகுளோபின் ஐந்து. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் ரத்த வங்கியில் எந்தப் பையை வைத்துப் பார்த்தாலும் உன் ரத்தத்தோடு கட்டி கட்டியாகத் திரள்கிறது. அதைவிட ஒரு கூத்து. குரூப் பார்த்ததில் ஏபி என்று வந்திருக்கிறது. நானும் ஓ, அப்பாவும் ஓ. ஓ-வுக்கும் ஓ-வுக்கும் ஓ குரூப் பிள்ளைதான் பிறக்கும். ரிப்போர்ட் கொண்டு வந்த பையன் எங்கள் குரூப்பைக் கேட்டுக்கொண்டான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்தான். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

“ரெண்டு ஓ-வுக்கு ஏபி பொறக்காதுன்னு அர்த்தம்,” என்றேன்.

“அப்ப டெஸ்ட்டுதான் தப்பு. மறுபடி பாக்கச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். என் மேல் அவருக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை. பைக்குள் அந்த ஸ்லைடை வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டு நான் நின்றேன்.

அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். ஒல்லியாக, என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். உன் விரல்களைப் பார்த்தார், கண்ணை இறக்கிப் பார்த்தார், இடது விலா எலும்புக்குக் கீழே மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க லேப்ல வேலை பாக்கறதா சொன்னாங்க. இதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணுக்கு எங்கயாவது ரத்தம் பாத்திருக்கீங்களா?”

“புதன்கிழமை நானே பாத்தேன்.”

“ரிப்போர்ட் இருக்கா?”

“இல்ல. ஸ்லைடு இருக்கு.”

டிஷ்யூ பேப்பரைப் பிரித்துக் கொடுத்தேன். அப்பா ஸ்லைடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவள் எவ்வளவு முன்யோசனையோடு கொண்டு வந்திருக்கிறாள் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் டாக்டரம்மாவின் பின்னாலேயே ஆஸ்பத்திரி லேபுக்குப் போனேன். அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நான் என் வாயால் கேட்டுவிட்டேன்: “கேன்சர்தானே மேடம்?”

அவர் தலையைத் தூக்காமலே, “யார் சொன்னது?” என்றார். “இது வைரஸோட சண்டை போடற செல்லு. பெருத்து, கோணலா, பாக்கப் பயமாத்தான் இருக்கும். எனக்கே மொதல்ல பாத்தப்ப அப்படித்தான் தோணுச்சு. ஆனா நீங்க வெள்ளை அணுவையே பாத்துக்கிட்டு இருந்துட்டீங்க. சிவப்பணுவப் பாருங்க.”

பார்த்தேன். சிவப்பணுக்கள் தனித்தனியாக இல்லாமல் திராட்சைக் கொத்து மாதிரி கும்பல் கும்பலாகக் கிடந்தன. இருபது வருஷம் ரத்தம் பார்த்தவள் என் பிள்ளையின் ஸ்லைடில் அதைப் பார்க்கவில்லை. மெஷினில் என்ன எண் வந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, ரத்த வங்கிப் பையனிடம், “அந்த சாம்பிள வெந்நீர் பாத்ல வை, உடம்புச் சூட்டுக்கு, முப்பத்தேழு டிகிரி” என்றார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ட்யூபை எடுத்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த பொடியெல்லாம் போய், ரத்தம் ஒரே சீராக, பளபளவென்று ஓடியது. அதே சூட்டில் வைத்துக் குரூப் பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ். அந்தப் பையன், “சாரிம்மா” என்று எதற்கோ சொன்னான். எதற்கு என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டரம்மா அப்பாவுக்கு விளக்கிச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “இது ஊர்ல முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயசுலயே தெரியாம வந்துட்டுப் போற வைரஸ் சார், ஈபி வைரஸ்னு பேரு. உங்க பொண்ணுக்கு லேட்டா வந்திருக்கு. அத அடிக்க உடம்பு ஒரு ஆயுதம் தயார் பண்ணுது. ஆயிரத்துல ஒருத்தருக்கு அந்த ஆயுதம் ஆள் தெரியாம நம்ம சிவப்பணுவையே புடிச்சிக்கும். அதுவும் குளுந்தாத்தான் புடிக்கும். சூடானா விட்டுடும். அதனாலதான் பச்சத் தண்ணியில கை ஊதா ஆச்சு, ஒண்ணுக்கு கறுப்பாப் போச்சு. ஸ்டீராய்டு இந்த வகைக்குப் பெருசா கேக்காது. கதகதப்பா வெச்சிக்கணும், கொஞ்ச நாள் பொறுக்கணும். வைரஸ் அடங்கினா இதுவும் அடங்கிடும்.”

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். “பொழைச்சிடுவாளா?”

“பொழைச்சிடுவா.”

மிச்சமெல்லாம் உனக்கே தெரியும். மின்விசிறியை நிறுத்தினார்கள். ரெண்டு கம்பளி, கையுறை, காலுறை, தலைக்கு மஃப்ளர். டிரிப் கூட வெதுவெதுப்பாகத்தான் ஏறியது. ரத்தம் ஏறுகிற குழாயைச் சூடாக்கும் சின்னப் பெட்டியை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கொண்டு வந்து மாட்டினார்கள். முதல் பை ஏற நாலு மணி நேரம் ஆயிற்று. நான் அந்தக் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டாவது பை முடிந்தபோது நீ கண்ணைத் திறந்து, “அம்மா, வேர்க்குது, இந்தக் குல்லாவ எடு” என்றாய். அதற்கப்புறம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, வெந்நீர்க் குளியல், ஐஸ்கிரீம் கிடையாது, ரெண்டு மாசம் விளையாட்டு கிடையாது. கிறிஸ்துமஸை வார்டிலேயே கொண்டாடினோம். பிப்ரவரியில் உன் ரத்தத்தை ஐஸ் தண்ணியில் வைத்துப் பார்த்தேன். திரளவில்லை. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து வந்தேன். ஒன்றும் இல்லை. அது வந்தது, போயிற்று. பரம்பரை வியாதி இல்லை, உன் பிள்ளைகளுக்கு வராது, உனக்கும் திரும்பி வருவதற்குக் காரணம் இல்லை. இதை அம்மாவாகச் சொல்லவில்லை, லேப்காரியாகச் சொல்கிறேன். இந்தத் தடவை சிவப்பணு, வெள்ளை அணு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதுதான் நான் சொல்லாமல் விட்டது. அந்த ஸ்லைடை நான் புதன்கிழமையே எங்கள் டாக்டரிடம் காட்டியிருந்தால், அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்பியிருப்பார். நீ வியாழக்கிழமை ஆடியிருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் விழுந்திருக்க மாட்டாய். ஒருவேளை ரத்தமே ஏற்ற வேண்டி வந்திருக்காது. உன்னைக் கலவரப்படுத்தக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நான் சொல்லாத வரைக்கும் நீ நல்லாயிருக்கிற பிள்ளையாகவே என் வீட்டில் நடமாடுவாய், சொல்லிவிட்டால் எல்லாம் ஆரம்பித்துவிடும் என்று பயந்தேன். என் பயத்துக்கு ரெண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டேன். அந்த ரெண்டு நாளும் உன்னுடையது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஆனந்த் வீட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெரியம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், “ரத்த வியாதின்னு ஒரு வார்த்த காதுல வுழுந்தா எழுந்து போயிடுவாங்க. அந்த ஆஸ்பத்திரி ஃபைல கொளுத்திப் போடு” என்றாள். நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே அப்பா முழுக் கதையையும் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தார். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். ஒன்பது நாள் போன் வரவில்லை. பெரியம்மா தினமும் போன் செய்து, “நான் சொன்னேன்ல?” என்றாள். பத்தாம் நாள் மத்தியானம் ஆனந்தின் அம்மா தனியாக என் லேபுக்கு வந்தார்.

“ஜெனியம்மா, எனக்கு வைத்தியம் தெரியாது. அந்த ஃபைலக் காட்டி ஒவ்வொரு பக்கமா சொல்லுங்க. புரிஞ்சிக்கிட்டுப் போறேன்.”

ஃபைல் பீரோவில்தான் இருந்தது. தானே புயலில் வீட்டுக்குள் தண்ணி வந்தபோது நனைந்து, காய வைத்து, ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பரம்பரையா, குழந்தைக்கு வருமா, பிரசவத்தில் ஆபத்தா என்று நேராகவே கேட்டார். நானும் நேராகவே பதில் சொன்னேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் டிஸ்சார்ஜ் சீட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அவர் முப்பது வருஷம் தபாலாபீசில் தேதி முத்திரை பார்த்தவர்.

“ஸ்லைடு எடுத்தது புதன்கிழமைன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ஆஸ்பத்திரியில சேத்தது வெள்ளிக்கிழமை. நடுவுல ஒரு நாள் இருக்கே?”

ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. என்ன வேண்டுமானாலும் சொல்லித் தப்பித்திருக்கலாம். மெஷின் ரிப்பேர் என்றால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? உன் கல்யாணம் அந்தப் பதிலில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் உனக்கு இப்போது எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நான் முடித்ததும் அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“இத உங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல.”

“அவுங்க அப்பாகிட்ட?”

“இல்ல.”

“கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடுங்க. நாளைக்கு ஒரு பேச்சுல என் வாயில இருந்து அவளுக்குத் தெரிய வரக் கூடாது. எனக்கும் அது மரியாதை இல்ல, உங்களுக்கும் இல்ல.” பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் சொன்ன கதையில எங்களுக்குப் பயம் போகல. கதை ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான் காரணம். இப்ப போயிடுச்சு. ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்கு நாள் பாத்துடலாம்.”

உனக்கு வாய்க்கிற மாமியார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள். எதையும் பூசி மெழுகாமல் அவரிடம் பேசு. உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கே சொல். வீட்டு வேலையில் கஷ்டம் இருந்தால் அன்றைக்கே சொல். ஆனந்திடமும் அப்படித்தான். நல்ல பேர் வாங்குகிறேன் என்று எதையும் பைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு திரியாதே. உனக்கு என் மூக்கு வந்திருக்கிறது, என் பிடிவாதம் வந்திருக்கிறது. இந்தப் பழக்கம் மட்டும் வர வேண்டாம். உனக்குப் பிள்ளை பிறந்து அதற்குக் காய்ச்சல் வந்தால், அம்மா லேபில் இருக்கிறாள் என்று எனக்குப் போன் போடாமல் முதலில் டாக்டரிடம் போ. அப்புறம் எனக்குச் சொல்.

அப்பாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன், நீ குளித்துக்கொண்டிருந்தபோது. அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்திவிட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் ஊரெல்லாம் என்னைப் பெரிசாகப் பேச வைத்தாயே என்று கேட்பார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, “ரெண்டு நாளும் நீ ஒருத்தியாவா அத வெச்சிக்கிட்டு இருந்த? பக்கத்துலதான நான் படுத்திருந்தேன்,” என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அப்பா அப்படிச் சொல்லிவிட்டார் என்பதற்காக நீயும் அப்படியே சொல்ல வேண்டும் என்று இல்லை. ஓடினது உன் உடம்பு, விழுந்தது நீ. கோபம் வந்தால் கோபப்படு. கல்யாணம் நெருங்குகிறது, அம்மாவை எதற்கு நோகடிப்பது என்று அடக்கிக்கொள்ளாதே. கேள்வி இருந்தால் எல்லாவற்றையும் கேள், எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

மணி நாலு ஆகிறது. நீங்கள் வருகிற பஸ் இந்நேரம் ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும். இதை உன் மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்யப் போவதில்லை. நீ வந்து முகம் கழுவிக் காப்பி குடித்ததும் உன் கையில் கொடுத்துவிட்டு, நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.

அம்மா